இரண்டாம் பகுதியை எழுதியவர்

கிள்ளான்
4-6-1984

திருமதி தியாகராசா அவர்களுக்கு,

நேற்றைய பத்திரிகையில் அறிவிப்பைப் பார்த்தேன். காலஞ்சென்ற திரு. தியாகராசாவின் முதலாண்டு நினைவாக, ஆகஸ்ட் 18-ஆம் தேதி கோலாலம்பூரில் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு அவர் எழுதிய ஸ்டிரிங் குவார்டெட் வாசிக்கப்படும் என்றும், சிங்கப்பூரிலிருந்து நான்கு கலைஞர்கள் வருகிறார்கள் என்றும் போட்டிருந்தது. பக்கத்தில் உங்கள் படம்.

என்னை மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். நான் ஜெயராஜ். 1965 முதல் இரண்டு வருடம், செவ்வாயும் வெள்ளியும் செந்தூலிலிருந்து பஸ் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்து சாரிடம் இசை எழுதக் கற்றவன். அப்பா பக்கிரிசாமி, ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது நான் கிள்ளானில் பியானோ டியூன் செய்கிறேன். கடை மாடியில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறேன்.

அந்தக் குவார்டெட்டின் மூன்று பகுதிகளில் இரண்டாவதை எழுதியது நான்.

1967-இல், எனக்கு இருபத்தொரு வயதில், அதை எழுதி முடித்து, நல்ல தாளில் ஒரு பிரதி எடுத்துச் சாரிடம் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இது கணக்கு ஐசே, சங்கீதமில்லை. இஞ்ச வைச்சிட்டுப் போம்" என்றார். வைத்துவிட்டுப் போனேன். திருப்பித் தரவே இல்லை. 1970 மார்ச்சில் செந்தூலில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அது ரேடியோவில் வந்தது. என் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைக்கக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அறிவிப்பாளர் சாருடைய பெயரைச் சொன்னார்.

மறுநாள் உங்கள் கேட்டுக்கு வந்தேன். சார் கேட்டைத் திறக்கவில்லை. "உமக்கு என்ன விசரே? உம்மட தகப்பன் ஆரெண்டு தெரிஞ்சுகொண்டுதான் கதைக்கிறீரோ?" என்று கேட்டார். அப்போது ஜன்னல் திரைக்குப் பின்னால் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். திரை அசைந்ததை நான் பார்த்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நிகழ்ச்சித் தாளில் இரண்டாம் பகுதிக்கு நேரே என் பெயர் இருக்க வேண்டும்.

ப. ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
9-6-1984

மிஸ்டர் ஜெயராஜ்,

உம்முடைய கடிதம் கிடைத்தது. என் கணவர் இறந்து பத்து மாதம் ஆகிறது. ரேடியோவில் கேட்ட பிறகு அவர் உயிரோடு இருந்த பதின்மூன்று வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பதில் சொல்ல ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறீர். இதற்கு என்ன பெயர் என்று உமக்கே தெரியும்.

அந்தக் குவார்டெட்டை நான் நன்றாக அறிவேன். அவர் பென்சிலில் எழுதித் தந்ததைப் பார்த்து நான்கு வாத்தியக்காரர்களுக்கும் தனித்தனியாக மையில் பிரதி எழுதியவள் நான். மூன்று பகுதிகளும் அவருடைய கையெழுத்து. இரண்டாவதில் வேறு யாருடைய எழுத்தும் இல்லை.

அவர் லண்டனில் படித்தவர். நீர் அவரிடம் படித்தவர். ஆசிரியர் சொன்னதை மாணவன் நோட்டில் எழுதிக்கொள்வான். பிறகு ஒரு நாள் அதைத் தன்னுடையது என்று நினைப்பான். உமக்கு நடந்ததும் அதுதான். பட்டறை வீட்டில் இருந்து அப்படிப்பட்ட இசை வருவதற்கு என்ன வழி இருந்தது என்று நீரே யோசித்துப் பாரும்.

கேட், திரை, காப்பிக் கடை எல்லாம் எனக்கு வேண்டாம். எழுதியது நீர்தான் என்றால் இசையில் காட்டும். நான் முப்பது வருடமாகப் பியானோ கற்பிக்கிறேன். எனக்குச் சுரம் படிக்கத் தெரியும்.

திருமதி கு. தியாகராசா


கிள்ளான்
15-6-1984

திருமதி தியாகராசா அவர்களுக்கு,

இசையில் காட்டச் சொன்னீர்கள். காட்டுகிறேன்.

இத்துடன் பதினெட்டுத் தாள்களின் ஃபோட்டோ பிரதி இருக்கிறது. அசல் என்னிடம். முன்பக்கம் பட்டறையின் வேலைச் சீட்டு: எந்த எஞ்சின், என்ன பழுது, தேதி முத்திரை. எல்லாம் 1967. அப்பா வீணான சீட்டுகளைக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். பின்பக்கத்தில் நான் கோடு போட்டு எழுதியதுதான் அந்த இரண்டாம் பகுதி. பட்டறை வீட்டில் இசைக்கு என்ன வழி என்று கேட்டீர்கள். இதுதான் வழி.

இனி சுரங்கள். 1974-இல் சார் அச்சிட்ட புத்தகம் உங்களிடம் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

சார் சொல்லிக்கொடுத்த முறை உங்களுக்குத் தெரிந்ததே. பியானோவில் கறுப்பும் வெள்ளையுமாக உள்ள பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் நிறுத்த வேண்டும். பன்னிரண்டும் ஒலித்து முடியும் முன் எதையும் மறுபடி தொடக்கூடாது. எந்த ஒரு சுரமும் மற்றவற்றுக்கு எஜமானாகிவிடக் கூடாது என்பார். முதல் பகுதியில் அவருடைய வரிசையைப் பாருங்கள். ஒரு வயலின் ஒரு சுரத்தைப் பிடித்திருக்க, மற்ற மூன்று வாத்தியங்களும் வரிசையின் அடுத்த மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கின்றன. பிறகு அடுத்த நான்கு. அவருடைய ஹார்மனி முழுவதும் இப்படித்தான்: வரிசையை நான்கு நான்காக நறுக்கி நிமிர்த்தி வைப்பது.

இரண்டாம் பகுதியில் வரிசையே வேறு. சி முதல் எஃப் வரை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஆறு சுரங்களைக் கலைத்து முதல் பாதியில் வைத்தேன். மீதி ஆறு பின் பாதியில். ஏன் அப்படி வைத்தேன் தெரியுமா? வயலின் முதல் ஆறை வாசிக்கும்போது, அடிக்குரலில் ஒலிக்கும் செல்லோ அதே சுரக் கோட்டைத் தலைகீழாக்கி மற்ற ஆறில் வாசிக்கலாம். வயலின் ஏறும் இடத்தில் செல்லோ இறங்கும். இரண்டும் சேர்ந்தால் பன்னிரண்டு சுரமும் வந்துவிடும்; ஒன்றோடு ஒன்று மோதாது. இங்கே ஹார்மனியை யாரும் அடுக்கி வைக்கவில்லை. இரண்டு பேர் எதிரெதிராக நடக்கும்போது நடுவில் விழுவதுதான் ஹார்மனி.

சரி, இதைச் சாரும் யோசித்திருக்கலாமே என்பீர்கள். மூன்றாம் பகுதிக்குப் போங்கள். ஐம்பத்திரண்டாம் தாளக் கட்டத்தில் அவர் இதே வேலையைச் செய்து பார்க்கிறார், தன்னுடைய பழைய வரிசையை வைத்து. வயலின் ஏறுகிறது, செல்லோ இறங்குகிறது. ஆனால் நான்கு சுரங்கள் இரண்டிலும் வருகின்றன. அவருடைய வரிசைக்கு இந்தக் குணம் கிடையாது. இரண்டாம் பகுதியை யோசித்து எழுதியவருக்கு அது ஏன் மோதவில்லை என்பது தெரிந்திருக்கும். மூன்றாம் பகுதியை எழுதியவருக்கு அது தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் அல்ல.

இன்னொன்றும் சொல்கிறேன், மறைக்க எனக்கு எதுவும் இல்லை. இரண்டாம் பகுதியில் 31 முதல் 41 வரை பதினோரு கட்டங்கள் அச்சில் வேறு மாதிரி இருக்கின்றன. மற்ற மூன்று வாத்தியமும் நான் எழுதியபடியே. செல்லோ மட்டும் தன் கோட்டை விட்டுவிட்டு, அடித் தந்தியில் சி ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதே நேரத்தில் வயலினும் சி-யைத் தொடுகிறது. இந்த முறையில் இதைவிடப் பெரிய பிழை இல்லை. எடுத்துக்கொண்டவர் கெடுத்தும் வைத்திருக்கிறார்.

ப. ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
27-6-1984

மிஸ்டர் ஜெயராஜ்,

பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பியானோவில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன்.

வேலைச் சீட்டின் தேதி அந்தத் தாளின் தேதி. அதன் பின்பக்கத்தில் எழுதியது எந்த வருடம் என்று முத்திரை சொல்லாது. அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து யாரும் எந்தப் பழைய தாளிலும் எழுதலாம்.

உமக்கு எதிரான சாட்சியை நீரே அனுப்பியிருக்கிறீர். 31 முதல் 41 வரை உம்முடையது அல்ல என்று உம் கையாலேயே எழுதியிருக்கிறீர். நன்றி. 1970-இல் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த விமர்சனம் என் முன்னால் இருக்கிறது. முழுக் குவார்டெட்டிலும் மனதைத் தொட்ட இடம் அந்தச் செல்லோ ஒரே சுரத்தில் நிலைகொள்ளும் இடம்தான் என்று அந்த விமர்சகர் எழுதினார். விதியை எங்கே கைவிட வேண்டும் என்று தெரிந்தவர்தான் இசை எழுதுகிறவர். என் கணவருக்கு அது தெரிந்திருந்தது. உமக்கு இன்றுவரை அது பிழை. அப்படியானால் கணக்கு உம்முடையதாக இருந்துவிட்டுப் போகட்டும், இசை அவருடையது.

இந்த விஷயத்தை என் கணவரின் தம்பி விநாயகமூர்த்தியிடம் கொடுத்திருக்கிறேன். அவர் பங்சாரில் வழக்கறிஞர் என்பது உமக்குத் தெரிந்திருக்கும். இனி அவர் எழுதுவார்.

திருமதி கு. தியாகராசா


கிள்ளான்
3-7-1984

திருமதி தியாகராசா அவர்களுக்கு,

வக்கீல் நோட்டீஸ் நேற்று வந்தது. பதினான்கு நாளில் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். என் மனைவி சீதாலெட்சுமி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னாங்க இது, கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போயிருவாங்களா? விட்டுருங்களேன், பேரு போட்டா என்னா, போடாட்டி என்னா" என்று அழுதாள். போன வாரம் பங்சாரில் இரண்டு வீடுகளில் இனி பியானோ டியூன் செய்ய வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டும் உங்கள் ஆட்களின் வீடு. பத்து வருடமாகப் போய்வந்த வீடுகள். போன் செய்த பெண்மணிக்குக் காரணம் சொல்லக்கூடத் தோன்றவில்லை. நல்ல வேலை செய்கிறீர்கள்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மூன்றாம் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த நான்கு சுரங்கள் மோதுகின்றனவா இல்லையா? எண்ணியிருப்பீர்கள். இல்லாமல் பன்னிரண்டு நாள் எதற்கு? மோதவில்லை என்றால் முதல் வரியிலேயே அதை எழுதியிருப்பீர்கள்.

இப்போது உங்கள் பதினோரு கட்டங்கள். அந்த அத்தியாயத்தைத் திறந்தது நான்தான். ஆனால் சரியாக யோசிக்காமல் திறந்துவிட்டேன். உங்கள் கடிதம் என்னை யோசிக்க வைத்தது. சார் அதை எழுதினார் என்கிறீர்கள். சாரிடம் இரண்டு வருடம் இருந்தவன் நான். ஒரே சுரம் இரண்டு வாத்தியத்தில் சேர்ந்து வந்தால் பென்சிலால் தாள் கிழியும்படி வட்டம் போடுவார். "ஒரு சுரத்தைச் சிம்மாசனத்தில ஏத்திப்போட்டீர்" என்பார். முதல் பகுதியில் அப்படி ஒரு இடம் இல்லை. மூன்றாம் பகுதியில் வரும் நான்கும் அவருக்குத் தெரியாமல் விழுந்தவை. ஓடும் சுரங்கள், காதில் நிற்காது. பதினோரு கட்டம் சி-யைப் பிடித்து நிறுத்துவது தெரியாமல் நடப்பது அல்ல. அவர் என் இசையை எடுத்தார். ஆனால் தன் விதியை மீறக்கூடியவர் அல்ல. அதை அவர் எழுதவில்லை.

நானும் எழுதவில்லை. அப்படியானால் அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு கை இருக்கிறது. அது யாருடைய கை? பென்சிலுக்கும் அச்சுக்கும் நடுவில் அந்தத் தாளைத் தொட்டவர்கள் எத்தனை பேர்?

இதற்கு வக்கீலிடமிருந்து பதில் வேண்டாம்.

ப. ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
21-7-1984

மிஸ்டர் ஜெயராஜ்,

நோட்டீஸைத் திரும்பப் பெறும்படி விநாயகமூர்த்தியிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். சொல்லவில்லை. உமக்குச் சொல்கிறேன்.

அந்தப் பதினோரு கட்டங்களை மாற்றியது நான்.

1970 மார்ச், ரேடியோ ஒலிப்பதிவு நாள். என் கணவர் அலுவலகத்திலிருந்து இரண்டு மணிக்குத்தான் வருவார். காலையில் ஒத்திகை பார்க்க என்னை அனுப்பியிருந்தார். செல்லோ வாசித்தவர் தம்புசாமி என்று, போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். மறுபடி, மறுபடி. ஆறாவது தடவை வில்லைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இது கைக்கு வராது லா. ஒரு மாசம் குடுத்தாலும் வராது. வேற ஆள பாத்துக்குங்க" என்றார். வேறு ஆள் அன்றைக்கு இந்த ஊரில் கிடையாது. ஒலிப்பதிவு கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைப்பது சந்தேகம். அவருடைய தாளை வாங்கினேன். பதினோரு கட்டத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, சி என்று எழுதினேன். அடித் தந்தி, விரலே வைக்க வேண்டாம், வில்லை இழுத்தால் போதும். இதுதான் அதன் பின்னால் இருந்த இசை ஞானம்.

இரண்டு மணிக்கு அவர் வந்தார். பதிவு நடந்தது. அந்த இடம் வந்தபோது திரும்பி என்னைப் பார்த்தார். மறுவாரம் விமர்சனம் வந்தது. அதைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டினார். அச்சிடும்போது செல்லோவை எப்படிப் போடுவது என்று கேட்டேன். "இருக்கிறபடியே விடும்" என்றார். நான் மாற்றியது அவருக்குத் தெரியும். அவர் எழுதாதது எனக்குத் தெரியாது. இப்படிப் பதின்மூன்று வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

மூன்றாம் பகுதியில் நான்கு சுரங்கள் மோதுகின்றன. முதல் நாள் மாலையே எண்ணிவிட்டேன். மீதிப் பதினொரு நாளும் அதற்கு வேறு விளக்கம் தேடினேன். கிடைக்கவில்லை. அதனால்தான் அந்தச் செல்லோவைப் பிடித்துக்கொண்டேன். என் ஒட்டுத் தாளையே என் கணவரின் மேதைமைக்குச் சாட்சியாக எழுதி உமக்கு அனுப்பினேன். பொய் என்று தெரிந்தே எழுதினேன்.

திரைக்குப் பின்னால் நின்றதும் நான்தான். அன்றைக்கு உம்மை நம்பவில்லை. நம்பியிருந்தாலும் வெளியே வந்திருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதுவதால் உம்மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அவர் நோயில் படுத்திருந்த ஆறு மாதத்தில் நீர் ஒரு நாள் வந்து கேட்டிருந்தால் அவர் வாயாலேயே சொல்லியிருப்பார். நீர் வரவில்லை. அவர் செய்ததை நான் இப்போது உம்முடைய கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அவரிடம் கேட்க முடியாத காலத்தில் தெரிந்துகொள்கிறேன். இதை நான் மறக்க மாட்டேன்.

உமக்கு என்ன வேண்டும் என்று எழுதும்.

கு. தியாகராசா


கிள்ளான்
26-7-1984

திருமதி தியாகராசா அவர்களுக்கு,

இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, என் பெயர். இரண்டு, அந்தப் பதினோரு கட்டங்களில் நான் எழுதிய செல்லோ. தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சிங்கப்பூருக்கு அனுப்புங்கள். அந்த இடத்தில் நான் எழுதியது எப்படி ஒலிக்கும் என்று இன்றுவரை கேட்டதில்லை. என்னிடம் செல்லோ இல்லை, நாலு ஆளும் இல்லை. வேலைச் சீட்டைப் பார்த்து மனதுக்குள் வாசித்ததோடு சரி.

அவர் படுக்கையில் இருந்தபோது ஏன் வரவில்லை என்கிறீர்கள். ஒரு முறை வந்தேன், 1970-இல். கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து என் தகப்பனைப் பற்றிக் கேட்டார். மறுமுறை வர எனக்கு எந்தக் கேட்டும் திறந்திருக்கவில்லை. சாகக் கிடந்தவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கலாம். ஆறு மாதம் அவருக்கும் இருந்தது.

உண்மையைச் சொன்னீர்கள். ஆனால் நான் உங்களை மூலைக்குத் தள்ளிய பிறகுதான் சொன்னீர்கள். ஆகையால் நன்றி சொல்ல மாட்டேன்.

ப. ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
6-8-1984

மிஸ்டர் ஜெயராஜ்,

செல்லோத் தாளை அனுப்பினேன். சிங்கப்பூரிலிருந்து செல்லோ வாசிக்க வரும் பெண் போன் செய்தார். கடினம், ஆனால் வாசிக்கலாம் என்றார்.

நிகழ்ச்சித் தாள் அச்சாகிவிட்டது. மாற்றி அச்சிட விநாயகமூர்த்தி மறுத்துவிட்டார். மண்டபம் ஏற்பாடு செய்தது, ஆட்களை அழைத்தது எல்லாம் அவர். "அண்ணி, அண்ணரைச் சபையில அவமானப்படுத்தவோ இந்த விழா?" என்று கேட்டார். இரண்டு மணி நேரம் கதைத்தோம். கடைசியில் எழுந்து போய்விட்டார். என் மாமி மகளும் இனி என்னோடு பேசுவதில்லை.

நான் வேறு வழி பார்க்கிறேன். என்ன வழி என்று கேட்க வேண்டாம். வருவதும் வராமல் இருப்பதும் உம் இஷ்டம்.

கு. தியாகராசா


கிள்ளான்
20-8-1984

திருமதி தியாகராசா அவர்களுக்கு,

வரக்கூடாது என்றுதான் இருந்தேன். நிகழ்ச்சித் தாளில் என் பெயர் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை? அப்பாதான் விடவில்லை. எழுபத்தாறு வயதில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு சனிக்கிழமை மத்தியானமே கிள்ளானுக்கு வந்துவிட்டார். "நீ வராட்டி நான் தனியா போறேன்டா, பஸ் இருக்கு லா" என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

முதல் பகுதி முடிந்து நீங்கள் மேடைக்கு ஏறியபோது, மலர் கொடுக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். மைக்கைச் சரிசெய்யக்கூட இல்லை. நீங்கள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். "அடுத்து வாற பகுதியை எழுதினது என்ர கணவர் இல்லை. அவரிட்டப் படிச்ச ஜெயராஜ் எண்டவர், செந்தூல் பக்கிரிசாமியின்ர மகன். என்ர கணவர் அதைத் தன்ர பேரில போட்டார். அது பிழை. அதுக்குள்ள நான் ஒரு இடத்தை மாத்தினனான். அதுவும் பிழை. இண்டைக்கு அவர் எழுதினபடியே கேளுங்கோ."

யாரும் கைதட்டவில்லை. உங்கள் கொழுந்தனார் எழுந்தார். அவரோடு முன்வரிசை முழுவதும் எழுந்து வெளியேறியது. நாற்காலிகள் உராயும் சத்தம் அடங்கும்வரை அந்த நான்கு பேரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நீங்கள் படியிறங்கி, காலியான அந்த வரிசையில் தனியாக உட்கார்ந்தீர்கள். அப்பா என் கையைப் பிடித்தார்.

பிறகு வாசித்தார்கள். முப்பத்தோராம் கட்டம் வந்தது. செல்லோ கீழே போகாமல் மேலே ஏறியது; வயலின் இறங்கியது; இரண்டும் ஒன்றையொன்று கடந்து போயின. எதுவும் எதையும் தொடவில்லை. பதினேழு வருடத்துக்கு முன் மனதில் கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இருபத்தொரு வயதில் அதைக் கேட்டவனை, இதெல்லாம் கணக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மற்றவர்களின் பியானோவைச் சுருதி சேர்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். இது உங்கள் கணவர் எடுத்துக்கொண்ட பத்து நிமிட இசையைவிடப் பெரிய திருட்டு. உங்கள் மேடைப் பேச்சு அதைத் திருப்பித் தராது. ஆகவே மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் பொய்.

வெளியே வரும்போது அப்பாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் புரியல லா. பட்டறைல நாலு பேரு நாலு எடத்துல தட்டுன மாதிரி இருந்துச்சு. ஆனா ஒருத்தன் தட்டும்போது இன்னொருத்தன் தட்டல, அத கவனிச்சேன்" என்றார். விமர்சகர் யாரும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

நீங்கள் மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் உங்களிடம் வந்து பேசாமல் போனேன். வேண்டுமென்றேதான் போனேன். தெரிந்துகொள்ளுங்கள்.

ப. ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
30-8-1984

மிஸ்டர் ஜெயராஜ்,

நீர் போனதைப் பார்த்தேன். வந்திருந்தால் எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது.

மன்னிப்பை நான் கேட்கவில்லை. மேடையில் சொன்னது உமக்காக மட்டும் சொன்னதும் அல்ல. தெரிந்துகொண்டே அந்த மண்டபத்தில் உட்கார்ந்து அவருக்குக் கைதட்டுவதைக் கேட்க என்னால் முடியாது.

ஆட்கள் வருவது நின்றுவிட்டது. கோயிலில் வெள்ளிக்கிழமை என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். ஐந்து பிள்ளைகள் பியானோ வகுப்பை விட்டுவிட்டார்கள். நல்ல பியானோக்காரி, ஆனால் புருசனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஒரு தாய் என் முகத்துக்கு நேரே சொன்னாள். விநாயகமூர்த்தி, அண்ணரின் படத்தை என் வீட்டிலிருந்து எடுத்துப் போக ஆள் அனுப்பினார். கொடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர். அவர் செய்தது திருட்டு. படம் இந்தச் சுவரில்தான் இருக்கும். உமக்கு இது பிடிக்காது. உம்மிடம் அனுமதி கேட்கவில்லை.

இனி வேலை. அந்தச் செல்லோக்காரப் பெண் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் தனியாக ஜனவரியில் சிங்கப்பூரில் வாசிக்க விரும்புகிறார்களாம். மற்ற இரண்டையும் கேட்கவில்லை. கேட்காதது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கும் காது இருக்கிறது.

நிகழ்ச்சித் தாளில் அதை என்னவென்று போடுவது என்று என்னிடம் கேட்கிறார். முதலும் மூன்றும் இல்லாமல் இரண்டாம் பகுதி என்று எப்படிப் போடுவது? அது என்னுடைய பிள்ளையல்ல, நான் பெயர் வைக்க முடியாது என்று எழுதி, உம்முடைய கிள்ளான் முகவரியைக் கொடுத்துவிட்டேன். இந்த வாரத்தில் உமக்குக் கடிதம் வரும். வேறு எழுதியது ஏதும் உண்டா என்றும் கேட்பார். கேட்கும்படி நான் சொல்லியிருக்கிறேன். இல்லையென்று பதில் எழுதுவதற்கு முன் ஒரு வாரம் யோசியும். உமக்கு வயது முப்பத்தெட்டுத்தான்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவருக்கு எழுதும்.

குணபூசணி